மவுஸை நாங்கள் தொடுவதில்லை
(நூற்றாண்டு விழாவையொட்டிய கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் ஒருவர்தான் நிற்கிறோம். ஆனால் இந்த உரை எங்கள் மூவருடையது. மூவரும் இக்கல்லூரியின் பழைய மாணவிகள். ஒன்றாகப் படித்தவர்கள் அல்லர். ஒருவர் உயர்தரம் எழுதிவிட்டு வெளியேறிய ஆண்டில்தான் மற்றவர் ஆறாம் வகுப்புக்கு வந்தார். தற்செயலாக ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே சிறிய அறையில் வேலைக்குச் சேர்ந்தோம். அறை வாசலிலுள்ள பெயர்ப்பலகை மிக நீளமானது. சுருங்கச் சொன்னால், விரிவுரையாளர்கள் கணினியையும் இணையத்தையும் தமது கற்பித்தலில் பயன்படுத்துவதற்கு உதவுவது எமது தொழில். சங்கம் எமக்குத் தந்த தலைப்பு ‘கல்வித் தொழில்நுட்பமும் பல்கலைக்கழக ஆசிரியரும்’. தொழில்நுட்பத்தைப் பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நாங்கள் ஆசிரியரைப் பற்றிப் பேசுகிறோம். இந்த வேலையில் நாங்கள் விட்ட பிழைகள் பெரும்பாலும் அவரை மறந்ததால் வந்தவை.

முதலில் ஒரு செயலமர்வைப் பற்றிச் சொல்லவேண்டும். கொரோனாவுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னர் நடந்தது. கணினி ஆய்வுகூடத்தில் நாற்பது விரிவுரையாளர்கள், அரை நாள், நடுவில் தேநீரும் ரோல்ஸும். கற்றல் முகாமைத்துவ முறைமையை அறிமுகப்படுத்துவது நோக்கம். சுற்றறிக்கைகளில்தான் அந்தப் பெயர், பேச்சில் எல்.எம்.எஸ். பாடக்குறிப்புகளை வைக்கவும், ஒப்படைகளை வாங்கவும், சிறு பரீட்சைகளை நடத்தவும், மாணவரோடு உரையாடவும் இணையத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இதற்குப் பெரும்பாலும் மூடில் என்ற மென்பொருளே பயன்படுகிறது. இலவசமானது. 2002இல் அதன் முதற் பதிப்பை வெளியிட்ட மார்ட்டின் டூஜியாமஸ், மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைநிலக் குடியிருப்பொன்றில் வளர்ந்தவர். பாடசாலை எட்டாத தூரத்தில் இருந்ததால் சிறுவயதில் சிற்றலை வானொலியில் ஆசிரியரின் குரலைக் கேட்டுப் படித்தவர். இந்தச் செய்தி எமக்கு மிகவும் பிடிக்கும். அன்றும் அதைச் சொல்லித்தான் செயலமர்வைத் தொடங்கினோம்.

பிறகு, இந்தப் பொத்தான், அடுத்து அந்தப் பொத்தான் என்று இரண்டரை மணிநேரம். முன்வரிசையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கற்பித்த ஒரு சிரேஷ்ட விரிவுரையாளர் இருந்தார். அவரை ‘மிஸ்’ என்றே இங்கு சொல்கிறோம். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அவருடைய திரை ஏதோ ஓரிடத்தில் நின்றுவிட்டது. உதவிக்கு நின்ற எமது இளைஞர் குனிந்து, அவர் கையிலிருந்த மவுஸை வாங்கி, ஐந்து தடவை சடசடவென்று அழுத்திவிட்டு, “இவ்வளவுதான் மிஸ்” என்றார். மிஸ் சிரித்தார். தேநீருக்குப் பின் அவர் திரும்பி வரவில்லை. துறையில் கூட்டம் இருப்பதாகச் சொல்லியிருந்தார். நாங்களும் கூட்டம் என்றே நம்பினோம்.

வரவுப்பதிவேடு நிரம்பியது. சான்றிதழ் கொடுத்தோம். குழுப்படம் எடுத்தோம். ஆண்டறிக்கையில் ‘நாற்பது பேருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது’ என்று எழுதினோம். ஆறு மாதம் கழித்து அந்த நாற்பது பேரின் பாடப்பக்கங்களைத் திறந்து பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் பழைய கைந்நூலின் பி.டி.எவ். பிரதி ஒன்று கிடந்தது. சிலவற்றில் செயலமர்வு நாளில் எமது சொற்படி உண்டாக்கிய ‘பரீட்சார்த்தம் 1’ மட்டும் அப்படியே இருந்தது. அதை நாங்கள் ஆண்டறிக்கையில் எழுதவில்லை.

2020 மார்ச் நடுப்பகுதியில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. இரண்டு கிழமை என்றார்கள். அது எவ்வளவு நீண்டது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் மூவரின் கைத்தொலைபேசிகளும் காலை ஆறு மணிக்கு அடிக்கத் தொடங்கி நள்ளிரவில் ஓய்ந்த நாட்கள் அவை. அப்படி ஒருநாள் மிஸ்ஸின் அழைப்பு வந்தது.

“பிள்ளை, ஏழு மணிக்குப் பிறகு கதைக்கேலுமோ? வீட்டில ஒருதரும் பக்கத்தில இல்லாத நேரமாப் பாத்து எடுக்கிறன்.”

அன்று இரவு அவர் முதலில் கேட்டது கணினியைப் பற்றியல்ல. தமது இறுதியாண்டு வகுப்பைப் பற்றிச் சொன்னார். முல்லைத்தீவு, மன்னார், மட்டக்களப்பு, ஹட்டன் என்று பிள்ளைகள் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஆய்வறிக்கை எழுதவேண்டிய காலம். இரண்டு பேர் படிப்பை விட்டுவிடப் போவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பாடத்தை எப்படியாவது கொண்டுபோக வேண்டும். அதற்குப் பிறகுதான் பழைய கதை வந்தது. “அண்டைக்கு எனக்கு விளங்கேல்லைத்தான். அது பரவாயில்லை. எனக்கு விளங்கேல்லை எண்டதை, பக்கத்தில இருந்த, நான் படிப்பிச்ச பொடியன் பாத்துக்கொண்டிருந்ததுதான் என்னவோ மாதிரிப் போச்சு.”

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. சபையில் தன் மாணவருக்கு முன்னால் தெரியாதவராக நிற்பது ஓர் ஆசிரியருக்கு எவ்வளவு பெரிய விடயம் என்பது அதுவரை எமது பயிற்சித் திட்டத்தின் எந்தப் பந்தியிலும் இருக்கவில்லை.

மூன்று இரவுகள் தொலைபேசியில் இருந்தோம். அவர் பக்கத்தில் நாங்கள் இல்லை. மவுஸை வாங்க வழியில்லை. “மிஸ், இப்ப திரையில என்ன தெரியுது?” என்று கேட்பதும், அவர் சொல்வதைக் கேட்பதும், பொறுத்திருப்பதும்தான் எம்மால் முடிந்தவை. சொல்லச் சொல்ல அவர் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். மூன்றாம் இரவு, தமது குரலில் பதிவுசெய்த பன்னிரண்டு நிமிடப் பாடமொன்றைத் தாமே எல்.எம்.எஸ்ஸில் ஏற்றினார். செயலமர்வில் இரண்டரை மணிநேரத்தில் நடக்காதது அது.

இக்கல்லூரியில் எங்களில் இருவருக்கு இரசாயனம் படிப்பித்த ஆசிரியை, நியமிப்புச் செய்யும்போது தமது இரண்டு கைகளையும் முதுகின்பின் கட்டிக்கொண்டு நிற்பார். அளவியின் திருகை நாங்கள் அளவுக்குமேல் திறந்து, குடுவை முழுவதும் கடும் இளஞ்சிவப்பாகப் போனாலும் அவர் கை முன்னுக்கு வராது. “திரும்பச் செய்யுங்கோ” என்பார். அப்போது எமக்குக் கோபம் வரும். இந்த மூன்று இரவுகளில் அவரை நினைத்துக்கொண்டோம். அன்றிலிருந்து எமது அறையில் ஒரு விதி உண்டு: எவருடைய மவுஸையும் நாங்கள் தொடுவதில்லை.

அக்காலத்தில் நாடளவில் நடந்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லவேண்டும். லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு பல்கலைக்கழகங்களுக்குச் சூம் வசதியை ஏற்படுத்திக் கொடுத்தது. பல்கலைக்கழக வழங்கிகளை மாணவர்கள் கட்டணமின்றி அணுகத் தொலைபேசி நிறுவனங்களும் சில மாதங்கள் இடமளித்தன. இதன் உட்பொருளை விரிவுரையாளர்களுக்கு விளக்குவதே அப்போது எமக்குப் பெரிய வேலை. அதே காணொளியை யூடியூப்பில் போட்டால் மாணவி தன் டேட்டாவைச் செலவழிக்க வேண்டும், எல்.எம்.எஸ்ஸில் போட்டால் இல்லை. ஒரு மணிநேரக் காணொளி வகுப்புக்குச் சில நூறு மெகாபைட் போகும்; அதே விடயத்தைக் குரற்பதிவாகவும் நாலு படமாகவும் கொடுத்தால் அதில் சிறு பங்கே போதும். மூடில் செயலியில் பாடத்தை ஒருமுறை இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத வீட்டிலும் படிக்கலாம். பாடத்தை அமைப்பவர் இதையெல்லாம் அறிந்திராவிட்டால் அந்தச் செலவு மாணவரின் தலையில் விழும். சிக்னல் தேடி மலைப்பாறைக்கும் மரத்துக்கும் ஏறிய இலங்கைப் பிள்ளைகளின் படங்கள் 2021இல் வெளிநாட்டுப் பத்திரிகைகளில்கூட வந்தன. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உங்களில் பலர் அவற்றை எமக்கு அனுப்பி, ‘உண்மையா?’ என்று கேட்டீர்கள். உண்மைதான்.

மிஸ்ஸுக்குப் பிறகு எமது முறையை மாற்றினோம். இப்போது செயலமர்வு குறைவு. விரிவுரையாளரின் அறைக்கு நாங்கள் போகிறோம். அவருடைய கணினி, அவருடைய பாடம், கதவு சாத்தியிருக்கும். முதற் கேள்வி ‘உங்களுக்கு எந்த மென்பொருள் தெரியும்?’ என்பதல்ல. “உங்கட பாடத்தில பிள்ளைகள் வருசா வருசம் எங்கே தடக்குப்படுகினம்?” என்று கேட்கிறோம். இதற்குப் பதில் தெரியாத விரிவுரையாளரை நாங்கள் கண்டதில்லை. உடனே சொல்வார்கள், சிலர் கோபத்தோடு சொல்வார்கள். அந்த இடத்திலிருந்து தொடங்கினால் அவர் தெரிந்தவர், நாங்கள் கேட்பவர்கள். பொத்தான்கள் பிறகு வரும். 2006இல் மிஸ்ரா, கோலர் என்ற இரு ஆய்வாளர்கள், பாட அறிவு, கற்பித்தல் அறிவு, தொழில்நுட்ப அறிவு ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் இடத்திலேதான் நல்ல ஆசிரியர் நிற்கிறார் என்று விரிவாக எழுதினார்கள். நாங்கள் அதைப் படித்துச் சான்றிதழும் பெற்றவர்கள்தான். படித்தது வேறு, மிஸ்ஸின் தொலைபேசி வேறு.

ஓர் உதாரணம். விவசாய பீடத்தில் மண்ணியல் கற்பிக்கும் ஒருவர், செய்முறை வகுப்பு இல்லாமல் தமது பாடம் செத்துவிட்டது என்றார். காணொளி எடுத்துத் தரும்படி கேட்டார். நாங்கள் வழமையான கேள்வியைக் கேட்டோம். மண்ணில் மணல், வண்டல், களி ஆகியவற்றின் விகிதத்தைப் பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள், கண்ணால் காண்பதில்லை என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கே வழி தோன்றியது. ஒவ்வொரு மாணவரும் தன் வீட்டு வளவு மண்ணைக் கால்வாசி ஜாம் போத்தலில் போட்டு, தண்ணீர் விட்டு, நன்றாகக் குலுக்கி, அசையாமல் வைக்கவேண்டும். மணல் ஒரு நிமிட அளவில் அடியில் படியும். வண்டல் சில மணிநேரத்தில். களி படிய ஒருநாளோ அதற்கும் மேலோ ஆகும். அடிமட்டத்தை அருகில் வைத்துப் படம் எடுத்து எல்.எம்.எஸ்ஸில் போடவேண்டும். கைத்தொலைபேசியும் ஜாம் போத்தலும் போதும்.

படங்கள் வந்தபோது அந்த விரிவுரையாளர் எங்களை அழைத்துக் காட்டினார். யாழ்ப்பாணத்துச் செம்மண் ஒரு போத்தலில். மட்டக்களப்புக் கரையோர மணல், தண்ணீர் தெளிந்த நிலையில் அடுத்ததில். வன்னி வயல் மண் இரண்டு நாளாகியும் கலங்கிக்கொண்டிருந்தது. மலையகத்துத் தேயிலைத் தோட்ட மண்ணைப் போட்ட பிள்ளை, அப்பா கொத்திய குழியிலிருந்து எடுத்ததாகக் குறிப்பும் எழுதியிருந்தார். ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் ஒரே வாளியிலிருந்து மண் கொடுப்பதே வழக்கம். அந்தப் பாடம் இப்போது நேரடி வகுப்புத் தொடங்கிய பின்னரும் ஜாம் போத்தலோடுதான் நடக்கிறது. எமது பங்கு அதில் மிகச் சிறியது. படம் ஏற்றும் இடத்தை அமைக்கக் கூட இருந்தோம், அவ்வளவே.

எல்லாம் இப்படி இனிதாக முடிவதில்லை. எங்களை ஏறத்தாழ ஓராண்டு விழுங்கிய பிரச்சினை பாமினி. இந்த மலரைத் தட்டச்சுச் செய்பவர்களுக்கும் அது தெரிந்திருக்கும். பாமினி எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கின்றன. எழுத்துரு உள்ள கணினியில் அழகான தமிழ். இல்லாத இடத்தில், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. இருபது ஆண்டுப் பாடக்குறிப்புகளையும் வினாக்களையும் பாமினியில் வைத்திருந்த விரிவுரையாளர்கள் அவற்றை எல்.எம்.எஸ்ஸில் ஒட்டியபோது குப்பைதான் வந்தது. தமது கணினி கெட்டுவிட்டது என்று ஒருவர் நினைத்தார். தாம் எதையோ அழித்துவிட்டோம் என்று இன்னொருவர் இரவு முழுக்க உறங்கவில்லை. யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் உண்டு. ஆனால் குறிப்புகளின் நடுவே ஆங்கிலக் கலைச்சொற்கள் கிடக்கும். அவற்றையும் கருவி பாமினி என்று எண்ணி அர்த்தமற்ற தமிழாக்கிவிடும். ஆகவே வரிவரியாக ஒரு மனிதர் படித்துத் திருத்த வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டி நூல்கள் எதிலும் இந்த அத்தியாயத்தை நாங்கள் கண்டதில்லை. தமிழில் கற்பிக்கும் ஓர் ஆசிரியருக்கு உதவுவதென்றால் முதலில் இதில்தான் இறங்கவேண்டும். சிறுவினாக்களைக் கணினியே திருத்தும்படி அமைத்தபோது இன்னொன்றும் கண்டோம். விடையில் ‘கறுப்பு’ என்று ஆசிரியர் கொடுத்திருக்க, ‘கருப்பு’ என்று எழுதிய பிள்ளைக்குப் பூச்சியம்! அந்தப் பிள்ளை முறைப்பாடு செய்திராவிட்டால் எங்களுக்கும் தெரிந்திராது.

இளம் விரிவுரையாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நிர்வாகம் நினைக்கிறது. கைத்தொலைபேசி தெரியும், முன்னால் இல்லாத மாணவருக்குக் கற்பிப்பது அவர்களுக்கும் புதிது. அந்தக் கலையில் 1980இலிருந்து இயங்கும் நமது திறந்த பல்கலைக்கழகத்தாரிடம் மற்றவர்கள் கேட்டுக் கற்க எவ்வளவோ இருந்தது. கேட்டவர்கள் குறைவு என்பது எமது அபிப்பிராயம்.

2022 வந்தது. மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணிநேரம்வரை மின்வெட்டு. எரிபொருள் வரிசையில் நின்றுவிட்டு வந்து, மின்சாரம் வரும் நள்ளிரவில் பாடம் ஏற்றிய விரிவுரையாளர்களை எமக்குத் தெரியும். அதில் பெண்களின் நிலை இன்னும் கடினம். பிள்ளைகளைப் படுக்கவைத்த பிறகுதான் அவர்களுக்கு நேரம் கிடைத்தது. ‘இந்த ஆண்டு ஒரு கட்டுரைகூட எழுதவில்லை, பதவி உயர்வு பின்தள்ளிப் போகிறது’ என்று ஒருவர் சொன்னபோது, எங்களிடம் அதற்கு மருந்து இருக்கவில்லை. நல்ல பாடமொன்றை அமைக்கப் போகும் இரவுகளைக் கணக்கெடுக்கும்படி பல கூட்டங்களில் கேட்டோம். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளியானதும் தொலைபேசிகள் மறுபடி இரவில் அடிக்கத் தொடங்கின. அதே தணிந்த குரல்கள். “எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது, எனக்கு மட்டும்தான் தெரியேல்லைப் போல.” நாங்கள் அறைக்குப் போய் அருகில் இருந்து, அவர் இந்த ஆண்டு கொடுத்த ஒப்படை வினாவையே அதில் போடச் சொல்கிறோம். வரும் விடையை அவரே சிவப்புப் பேனாவால் திருத்துகிறார். சரளமான நடை, உள்ளூர் விடயம் வந்தால் துணிந்த பிழைகள். பத்து நிமிடத்தில் அவர் பயம் போய், தமது வினாவின் பலவீனம் எங்கே என்று தாமே சொல்கிறார். மண்ணியல்காரருக்கு அந்தக் கவலை குறைவு. ஜாம் போத்தலை யாராவது குலுக்கித்தானே ஆகவேண்டும்.

இறுதியாக, கடல் கடந்து இருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய மடிக்கணினிகள் அனுப்பலாமா என்று அன்போடு கேட்டு எழுதுகிறீர்கள். அவற்றையும் ஏற்போம். ஆனால் எமக்குத் தட்டுப்பாடு பக்கத்தில் இருக்க ஆட்களே. நாங்கள் மூவர், விரிவுரையாளர்களோ நூற்றுக்கணக்கில். உங்களில் பலர் மெல்பேர்ணிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கிறீர்கள்; சிலர் ஓய்வுபெற்றுவிட்டீர்கள். மாதத்தில் ஒரு மணிநேரம், உங்கள் பாடத்தைக் கற்பிக்கும் இங்குள்ள ஒருவரோடு, தமிழில், சூமில் இருக்க முடியுமா? நிபந்தனைகள் இரண்டுதான். ஸ்லைட் அனுப்பக்கூடாது. மற்றவரின் திரையைத் தூரத்திலிருந்து இயக்கும் வசதி சூமில் இருக்கிறது, அதைக் கேட்கக்கூடாது.

மிஸ் அண்மையில் ஓய்வுபெற்றார். படிப்பை விடப்போவதாகச் சொன்ன அந்த இரண்டு மாணவர்களில் ஒருவர் பட்டம் பெற்றார். மற்றவரை எங்களால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. மிஸ் அதை இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார். போகும்போது தமது கொப்பியை எங்களிடம் தந்தார். அவர் அனுமதியோடு அதைப் பிரதி எடுத்துப் புதியவர்களுக்குக் கொடுக்கிறோம். எமது அச்சிட்ட கைந்நூலைவிட அதைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள். அதில் நாலாம் படி இப்படி இருக்கிறது: “இங்கே ஒரு வட்டம் சுத்திக்கொண்டு நிற்கும். பழுதில்லை. போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வரலாம்.”

பிரதிகள் சில வாசல் மேசையில் உள்ளன. பெயர் பதியும் தாளும் அங்கேயே இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயரைக் கொடுக்கலாம்.